மாப்பிள்ளையின் வலது கால்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கலர்க்காரர் தூங்கும்போது வீட்டில் யாரும் சத்தம் போடமாட்டார்கள். அது சும்மா தூக்கம் இல்லை, ஒரு விசாரணை. ஜன்னலில் நீலத் திரை, தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றும் விசிறி, வயிறு நிறையச் சாப்பாடு. கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில், காலையில் மைதானத்தில் பார்த்த பந்துகளில் ஒன்றிரண்டு திரும்பி வரும். காலையில் வந்த வேகத்தில் வராது. தையல் தெரியச் சுழன்றுகொண்டு, போகிற இடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே வருகிற மாதிரி வரும். கூச்சல் இருக்காது. புல் மட்டும் ரொம்பப் பச்சையாக இருக்கும்.

அந்தப் பச்சையில், பந்து மட்டையை நெருங்கி முடிக்கிற நேரத்தில், ஓரமாக ஒரு பழுப்பு நிறம் வந்து இறங்கும். இறங்கி, அழுந்தி, நிற்கும். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. என்ன கலர் என்பது மட்டும் தெரியும். மழையில் நனைந்த செங்கல்லில் ஒரு சொட்டுக் கறுப்பு விட்ட கலர்.

கலர் தெரியாவிட்டால்தான் ஆச்சரியம். வாரம் முழுக்க அவருக்குப் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற வேலை. சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யாராவது வருவார்கள், இதே கலர் வேண்டும் என்பார்கள். வெள்ளை பெயிண்டில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு, குச்சியால் கலக்கி, டப்பா மூடியில் ஒரு பொட்டு வைப்பார். வந்தவர், "அதேதான் சார், குடுங்க" என்று பறப்பார். இவர் கொடுக்கமாட்டார். "ஈரத்துல பாத்து ஏமாந்துடாதீங்க, காயட்டும்" என்று ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொல்வார். கடையில் அந்த ஸ்டூலுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் அம்பயர். சின்னச் சின்ன அணிகள் ஆடுகிற கிரிக்கெட் லீக். முட்டி வரைக்கும் வரும் வெள்ளைக் கோட்டு, தொப்பி, பந்து எண்ணப் பைக்குள் ஆறு சட்டைப் பொத்தான். கூலி என்று பார்த்தால் டீயும் திட்டும்தான். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் பந்து வீசுகிறவன் ஓடிவரும் காலடிச் சத்தம் ஆரம்பித்ததும், உலகம் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொள்ளும் பாருங்கள், அதற்காகத்தான் அவர் இத்தனை வருஷமாக வெயிலில் காய்கிறார். அந்த அமைதிக்குள் கடை இல்லை, வீட்டு வாடகை இல்லை, மூட்டு வலி இல்லை. ஒரு பந்து இருக்கிறது, அது வரப்போகிறது. அவ்வளவு நிம்மதி அவருக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

சரி, தான் சொல்லும் தீர்ப்பு சரியா தப்பா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பயருக்கு எப்படித் தெரியும்? டிவியில் வருகிறவர்களுக்குத் திரும்பின பக்கமெல்லாம் கேமரா. இவருக்கு யார் இருக்கிறார்கள்? ஜெயித்தவன் வந்து, "சூப்பர் சார்" என்று கை கொடுப்பான். தோற்றவன், "கண்ணாடிய மாத்துங்க சார்" என்று காதில் விழுகிற மாதிரி முணுமுணுப்பான். அடுத்த வாரம் அவன் ஜெயித்து இவன் தோற்றால் வசனம் இடம் மாறும். இந்தப் பையன்களின் புகழ்ச்சியையும் வசவையும் ஒரே டப்பாவில் ஊற்றிக் கலக்கினால் எந்தக் கலரும் வராது.

அதனால் அவர் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். கனவில் திரும்பி வராத பந்து, சரியாகத் தீர்ப்புச் சொன்ன பந்து. திரும்பி வருகிற பந்து, சந்தேகமான பந்து. அதையும் கனவிலேயே நிதானமாகப் பார்த்து, பெரும்பாலும், நாம் சொன்னதுதான் சரி என்று எழுந்து முகம் கழுவிக்கொள்வார். சொந்தக் கோர்ட்டு, சொந்த வழக்கு, நீதிபதியும் தானே. தோற்க அவருக்கென்ன கிறுக்கா?

கோர்ட்டு இன்னொன்றும் இருந்தது. அது டீக்கடை பெஞ்சில் கூடும். அங்கே நீதிபதி மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கை வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். வாரம் முழுக்க, ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தாலும் மாடு வந்தாலும் வலது காலால் அதை மிதித்து மிதித்து, தூக்கத்தில்கூட அந்தக் கால் சும்மா இருப்பதில்லை என்று தங்கை சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை அவரும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கலர்க்காரரோடு ஜோடியாக நிற்பார். ஒரு ஓவருக்கு ஒருவர் பந்து வீசும் பக்கம் நின்றால், மற்றவர் மட்டை பிடிப்பவனுக்குப் பக்கவாட்டில், தள்ளி நிற்பார்.

ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து கலர்க்காரர் கேட்பார், "எப்படி மாப்ள, இன்னிக்கு நம்ம தீர்ப்பெல்லாம்?"

"உங்களுக்கென்ன மச்சான், எல்லாம் சரிதான். நான் அந்த ரன் அவுட் குடுத்தேனே, அது?"

"சரிதான் மாப்ள. அதுல என்ன சந்தேகம்?"

இரண்டு பேரும் திருப்தியாக டீயை உறிஞ்சுவார்கள். இந்தப் பூசி மெழுகும் வேலை பெயிண்ட் கடையில்கூட இவ்வளவு நேர்த்தியாக நடக்காது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில், தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, கலர்க்காரர் வாய் சும்மா இருக்காமல், "மாப்ள, காலைல நீங்க குடுத்த ரன் அவுட் தப்பு. அவன் உள்ள வந்துட்டான்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். தங்கை அந்த வருஷம் முழுக்க அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா போன் பண்ணி, "வீட்டு மாப்பிள்ளைகிட்ட பேசற பேச்சாடா இது?" என்று அழுதாள். அன்றைக்குப் பிறந்ததுதான் இந்த "சரிதான் மாப்ள". வயதில் சின்னவர் என்றாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே! நீங்க, வாங்க, சொல்லுங்க என்று மரியாதையாகக் கூப்பிடும் ஒருவரை எந்த வாயால் தப்பு என்று சொல்வது? அந்தப் பக்கமும் அப்படித்தான். பெண் கொடுத்த வீட்டு மச்சானை யார் குறை சொல்வார்கள்? இப்படியே காலம் ஓடிவிட்டது.

ஒரு நாள் லீக் செயலாளர் பெயிண்ட் கடைக்கு வந்தார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எந்தப் பேச்சையும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்கிற கணக்காகச் சுருக்கமாகப் பேசுவார்.

"கலர் சார், ஃபைனல்ஸுக்கு வெளியிலேருந்து ஒரு அம்பயர் வராரு. நம்ம ஆளு ஒருத்தர்தான் நிக்க முடியும். நீங்களா, உங்க மாப்பிள்ளையா? யாரு நல்ல அம்பயர்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லிடுங்க. உங்க குடும்பத்துக்குள்ள நான் தலையக் குடுக்கமாட்டேன்."

கலர்க்காரர் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்த பச்சையில் குமிழி வந்து உடைந்தது. இத்தனை வருஷத்தில் அவர் இறுதிப் போட்டியில் நின்றதே இல்லை. எப்போதும் வெளியாட்கள் வருவார்கள், இவர் வேலி ஓரமாக நின்று பார்ப்பார். ஆசை என்றால் அப்படியொரு ஆசை. ஒரே ஒரு தடவை, எல்லோரும் பார்க்க, நடுவில் போய் நிற்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் அதே ஆசை இருக்கும் என்பது தெரியும். ஆனால் யார் நல்ல அம்பயர் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை.

டீக்கடைப் பெஞ்சில் பேச்சு நடந்தது.

"நீங்களே நில்லுங்க மாப்ள."

"ஐயோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்க நில்லுங்க மச்சான்."

"இல்ல இல்ல, நீங்கதான்."

"சும்மா இருங்க மச்சான், நீங்கதான்."

டீ ஆறி, இன்னொரு டீ வந்து, அதுவும் ஆறியது. ஒவ்வொருவரும் மற்றவர், "சரி, அப்ப நானே நிக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்ற பயத்தோடு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியொரு கழுத்தறுப்பு மரியாதையைக் கடைக்காரர் தன் ஆயுளில் பார்த்திருக்கமாட்டார்.

விஷயம் தங்கை காதுக்குப் போனது. அவள் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவள். வருகிறவர்களை எல்லாம் தோளை நேராக வை, முகவாயை இறக்கு என்று அதட்டி அதட்டி, வீட்டிலும் அதே குரல்தான். "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் முதுகு சொறிஞ்சது போதும். வர ஞாயித்துக்கிழமை நான் கேமராவோட வரேன். முழு மேட்சையும் எடுக்கறேன். வீட்டுல உக்காந்து பாருங்க. அப்புறம் சண்டை போடுங்க, இல்ல கொஞ்சிக்கோங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்து வீசும் ஒரு முனையின் எல்லைக் கோட்டுக்கு வெளியே முக்காலியில் கேமராவைப் பொருத்தி, வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். முதல் பாதி ஆட்டத்தில் கேமரா பக்கம் அண்ணன், இரண்டாம் பாதியில் கணவர். கிரிக்கெட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆடுகளம் மட்டும் விழுகிற மாதிரி எடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தும், பக்கவாட்டில் தள்ளி நின்றவரும் படத்துக்குள் வருகிற மாதிரிதான் எடுத்தாள். ஒருத்தரை விட்டு ஒருத்தரை எடுக்க மனசு வரவில்லை என்று பிறகு சொன்னாள்.

மத்தியானம் தங்கை வீட்டு ஹாலில் திரையை இழுத்துவிட்டு டிவியில் படத்தைப் போட்டார்கள். கலர்க்காரர் வழக்கமாகத் தூங்கும் நேரம். அரை இருட்டில், சோபாவில் சாய்ந்து பார்க்கும்போது அவருக்கு விழித்திருக்கிறோமா என்பதே சந்தேகமாக இருந்தது. அதே பச்சை. சத்தத்தைக் குறைத்திருந்ததால் அதே மௌனம். நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன வெள்ளைக் கோட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அது தான்தான் என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. தோள் ஒரு பக்கம் இவ்வளவு சாய்ந்தா இருக்கும்?

இடது கை ஆட்டக்காரன் ஒருவன் மட்டை பிடித்தான். பந்து அவன் காலில் கட்டியிருந்த பேடில் பட்டது. எல்லோரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். எல்பிடபிள்யூ என்பது விநோதமான தீர்ப்பு. நடக்காத ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கால் நடுவில் வராமல் இருந்திருந்தால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிலும், அவன் காலுக்குப் பின்பக்கம், லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி வந்த பந்தென்றால் பேச்சே இல்லை, அவுட் கிடையாது. அம்பயர் வேலையில் அரிச்சுவடி அது.

படத்தில் பந்து லெக் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே குத்தியது. குருடனுக்கும் தெரியும். வெள்ளைக் கோட்டு விரலைத் தூக்கியது.

கலர்க்காரர் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் இந்தத் தீர்ப்பைப் பற்றி அவருக்கு ஒரு சின்ன உறுத்தல்கூட இருக்கவில்லை.

"என்னங்க, அங்க பாருங்க," என்று தங்கை திடீரென்று சிரித்தாள். "மேட்ச்லயும் பிரேக் போடறீங்க!"

திருப்பிப் போட்டார்கள். பந்து பேடில் படுகிறது. பக்கவாட்டில் நிற்கும் மாப்பிள்ளையின் வலது முழங்கால் மடங்கி, பாதம் புல்லில் அழுந்துகிறது. வெள்ளைக் கோட்டின் தொப்பி அந்தப் பக்கம் ஒரு வினாடி திரும்புகிறது. விரல் எழுகிறது.

"இன்னொரு தடவை போடு," என்றார் கலர்க்காரர்.

அடுத்த முறை அவுட் கேட்டுக் கத்திய இடத்துக்கு ஓட்டினாள். மாப்பிள்ளையின் கால் அசையவில்லை. தொப்பி திரும்பியது, விரல் எழவில்லை. அதற்கடுத்தது. கால் அழுந்தியது, விரல் எழுந்தது. பிறகு சொல்ல என்ன இருக்கிறது? எத்தனை வருஷமாக இப்படி? ஆபத்து வந்தால் தானாக அழுந்தும் அந்தக் கால், அங்கே விக்கெட் விழப்போகிறது என்று தோன்றினாலும் அழுந்தியிருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பந்து எவ்வளவு உயரம் என்று தெரியும், எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரியாது. அங்கே நிற்பவனுக்குக் காலில் படுவதெல்லாம் அவுட்டாகத்தான் தோன்றும். அந்தக் காலைப் பார்த்துத்தான் இவர் விரல் எழுந்திருக்கிறது. ஊரார் வாய்க்குப் பயப்படாத கலர்க்காரர், கல் மாதிரி நிற்கும் கலர்க்காரர், மாப்பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறார்.

மாப்பிள்ளையின் பாதியையும் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் பந்து விக்கெட் கீப்பர் கைக்குப் போய்ச் சேருமுன்பே காலும் விரலும் சேர்ந்து வேலை செய்தன. ஒரு தடவை கேட்ச் பிடிக்கப்படாமல் கீழே விழுந்தது, இவர் விரல் மேலே இருந்தது. அதை மெல்லத் தொப்பிக்குக் கொண்டுபோய்த் தலையைச் சொறிந்துகொண்டார். தங்கை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஆண்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"நான் கிளம்பறேன்," என்று கலர்க்காரர் எழுந்து வெளியே வந்தார். வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் மாப்பிள்ளையின் பழுப்பு ஷூ கிடந்தது. வலது கால் ஷூவின் மூக்கு நசுங்கி, புல்லின் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. நனைந்த செங்கல். ஒரு சொட்டுக் கறுப்பு.

கனவு இத்தனை நாளாகப் பொய் சொல்லவில்லை. பந்தைப் பார்க்காமல் எதைப் பார்த்தாய் என்று காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இந்த மனுஷன்தான் கலரை ரசித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது. வாசலில் நின்று அழ வெட்கமாக இருந்ததால் இருமினார்.

மாப்பிள்ளை பின்னாலேயே வந்துவிட்டார்.

"நீங்களே நில்லுங்க மாப்ள," என்றார் கலர்க்காரர். இந்த முறை நிஜமாகவே சொன்னார். "எனக்குக் கண்ணே இல்ல. உங்க கால வச்சுத்தான் இத்தனை வருஷம் பொழப்ப ஓட்டியிருக்கேன்."

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "சார், ஃபைனல்ஸுக்கு மச்சான் நிக்கறாரு. ஆமா, பேசி முடிச்சாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்ன மாப்ள இது?"

"எங்க வண்டியில ரெண்டு பிரேக் இருக்கு மச்சான். என் பக்கத்து பிரேக்க நம்பியே நல்லா ஓட்டறவங்க நிறையப் பேர பாத்திருக்கேன். தனக்கு ஓட்டத் தெரியும்னு அவங்களும் நினைப்பாங்க, நானும் நினைப்பேன். அந்த பிரேக் இல்லாத வண்டியில உக்காந்தாத்தான் யாருக்கு என்ன தெரியும்னு தெரியும். நீங்க ஒரு தடவ நான் இல்லாம நில்லுங்க." அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எனக்கும் ஆசைதான். ஆனா எனக்கு அவசரம் ஜாஸ்தி. அது இப்போதைக்குப் போகாது."

இது பாராட்டா, குத்தலா என்று கலர்க்காரருக்குப் புரியவில்லை. ஆனால் மாப்பிள்ளை தன்னிடம் மனசில் இருப்பதைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்பது புரிந்தது.

ஃபைனலுக்கு முன் இருந்த நாள்களில் கடை திறக்குமுன் அவர் மைதானத்துக்குப் போனார். வலைக்குள் பயிற்சி செய்யும் பையன்களிடம் கேட்டுக்கொண்டு, பந்து வீசுகிற பக்கம் போய் நின்றார். பனி இறங்கிய புல், வேலிக்கு அப்பால் கண் விழிக்காத தெரு, பேடில் பந்து படும் மொத்துச் சத்தம். தீர்ப்பை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பின்னால் முட்டுக் கொடுத்து வைத்த போனில் எடுத்த படத்தைப் பார்ப்பார். தன்னைப் பற்றி அவர் நினைத்துக்கொண்டிருந்ததற்கும் போன் சொன்னதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. ஆனால் தப்புக்கும் ஒரு முகம் இருந்தது. பெரும்பாலும் இடது கைக்காரர்கள், பெரும்பாலும் லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியவை, பெரும்பாலும் பட்டவுடன் சொன்னவை. பட்டவுடன்!

ஊருக்கெல்லாம் ஸ்டூலைக் காட்டிக் காயட்டும் என்று சொன்ன ஆள், தன் மனசில் விழுந்ததை ஒரு நாளும் காயவிட்டதில்லை. அன்றிலிருந்து பந்து குத்திய இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, எச்சில் விழுங்கி, மூச்சு விட்டு, அதற்குப் பிறகு வாயைத் திறந்தார். தப்பு குறைந்தது. போகவில்லை, குறைந்தது. அந்த வாரம் கனவில் பந்தே வரவில்லை. அதை அவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. கனவைப் படிக்கும் விஷயத்தில் அவர் பட்டது போதும்.

இறுதிப் போட்டியன்று பக்கவாட்டில் நின்றவர் யாரோ ஒரு வெளியாள். நெட்டையாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். ஷூகூட வெள்ளை. மைதானத்துக்குள் நடக்கும்போது வழியில், எல்லைக் கோட்டருகே தங்கையும் மாப்பிள்ளையும் தரையில் உட்கார்ந்திருப்பதைக் கலர்க்காரர் பார்த்தார். மாப்பிள்ளை வெறுங்காலோடு சம்மணம் போட்டிருந்தார்.

"என்ன மாப்ள, ஷூ எங்க?"

"காத்தாட இருக்கட்டும்னு கழட்டிட்டேன் மச்சான்."

தங்கை எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு வேண்டாம் என்று தன் பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். பைக்குள்ளிருந்து ஷூவின் நசுங்கிய மூக்கு எட்டிப் பார்த்தது.

ஆட்டம் நீண்டது. வெயில் ஏறியது. கடைசிக் கட்டத்தில் ஒரு இடது கைக்காரன் அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். அவன் போனால் எல்லாம் போயிற்று என்கிற நிலை. ஓடிவரும் காலடி முதுகுக்குப் பின்னால் கேட்டது. உலகம் வாயை மூடியது. பந்து விழுந்தது, எழும்பியது, பேடில் மொத்தென்று பட்டது.

மைதானமே கத்தியது. பந்து வீசியவன் கலர்க்காரரின் முகத்துக்கெதிரே மண்டியிட்டுவிட்டான். அவருடைய தலை, பழக்கதோஷம், பக்கவாட்டில் திரும்பியது. அங்கே கம்பம் நின்றது. வெள்ளை ஷூ இரண்டும் புல்லில் செத்த மாதிரி கிடந்தன. ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அவர் கண் தானாக எதிரே, தூரத்தில், எல்லைக் கோட்டுக்குப் போனது. சம்மணம் போட்ட ஒரு உருவம் இரண்டு கையாலும் தன் வலது முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது.

காத்தாடவா கழட்டினீங்க மாப்ள?

அவர் கண்ணைத் திருப்பி ஆடுகளத்தைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு பச்சை அமைதி விரிந்தது. பந்து மறுபடியும் மெதுவாக, தையல் தெரிய, யோசித்துக்கொண்டே வந்தது. இந்த முறை விழித்த கண்ணுக்குள் வந்தது. குத்தியது. குத்திய இடம் தெரிந்தது, லெக் ஸ்டம்புக்கு ஒரு கை தள்ளி. ஓரத்தில் எந்தக் கலரும் வந்து இறங்கவில்லை.

"நாட் அவுட்," என்றார்.

பந்து வீசியவன் கையால் தரையில் அடித்தான். யாரோ திட்டும்போது அவர் அம்மாவையும் இழுத்தார்கள். அவர் பைக்குள் ஒரு பொத்தானை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தள்ளினார். இடது கைக்காரன் அணி ஜெயித்தது. ஜெயித்தவர்கள் "சூப்பர் சார்" என்றார்கள். தோற்றவர்கள் கண்ணாடிக் கடைக்கு வழி சொன்னார்கள். இரண்டும் அவர் காதில் ஏறவில்லை.

டீக்கடைப் பெஞ்சில் மாப்பிள்ளை காத்திருந்தார். ஷூவை மாட்டியிருந்தார். தங்கை கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கலர்க்காரர் உட்கார்ந்து, டீயை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கேட்பதற்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க அவர் பயந்ததே இல்லை.

"எப்படி மாப்ள, இன்னிக்கு?"

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். பெஞ்சுக்கடியில் வலது கால் தரையை ஒரு மிதி மிதித்தது.

"ரெண்டாவது விக்கெட் ஜோடி ஆடும்போது கீப்பர் பிடிச்சாரே, நீங்க இல்லன்னுட்டீங்க. அது மட்டையில பட்டுச்சு மச்சான். பந்து திசை மாறினது எனக்கு அங்கேருந்தே தெரிஞ்சுது. நீங்க குடுத்த தீர்ப்பு தப்பு."

தப்பு. அந்த வார்த்தை பெஞ்சில் அவர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. யாரும் கை கழுவிக்கொண்டு எழுந்துபோகவில்லை. கலர்க்காரர் அந்தப் பந்தை நினைத்துப் பார்த்தார். லேசாக ஒரு சத்தம் கேட்ட ஞாபகம் வந்தது. பேடு என்று நினைத்துவிட்டார்.

"ஆமா மாப்ள," என்றார் மெதுவாக. "தப்புதான்."

பிறகு, இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பதுபோல், டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த இடது கைக்காரன்?"

"அதுவா?" என்றார் மாப்பிள்ளை. "சரிதான் மச்சான்."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக அதே பெஞ்சில், அதே வாயிலிருந்து, அதே வார்த்தையை அவர் கேட்டிருக்கிறார். இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. கலர்க்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, எப்போதோ ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தார்.